தொலைந்த தாயகம் – அத்தியாயம் 7: தேவாங்குக்குப் போட்ட பாலம்

சென்ற வாரம் உங்களை ஒரு கிணற்றடியில் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். 1930-களின் நடுவில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து நெய்வேலியில், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டிய கிணறு அது. தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அந்தக் கருப்புக்குள் இருந்தது என்ன என்று கேட்டு அத்தியாயத்தை முடித்திருந்தேன்.

உள்ளே இருந்தது ஒரு காடு.

சுரங்கத்தில் வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரிக் கட்டி ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். நிலக்கரி என்றதும் நினைவுக்கு வரும் பளபளப்பு அதில் இருக்காது. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரம். வெயிலில் கிடந்தால் விரிசல் விட்டு உதிரத் தொடங்கும். சில கட்டிகளில் மரத்தின் ரேகை அப்படியே தெரியும். நகத்தால் நெம்பினால் அந்த ரேகை வழியாகவே சிம்பு சிம்பாகப் பிரியும். 1960-களில் சி.ஜி.கே. ராமானுஜம் இந்தக் கரியைக் கரைத்து, அதில் சிக்கியிருந்த மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் பனைக் குடும்பத்து மரங்களையும் மழைக்காட்டு மரங்களையும் அடையாளம் காட்டின. இன்று முந்திரியும் பலாவும் நிற்கும் செம்மண் பூமிக்குக் கீழே ஒரு கடலோரச் சதுப்புக்காடு படுத்துக் கிடக்கிறது. அதன் வயது 2 கோடி ஆண்டு என்று புவியியலாளர்களில் ஒரு சாரார் சொல்வார்கள். இன்னொரு சாரார் 5 கோடி ஆண்டுவரை பின்னால் கொண்டுபோவார்கள்.

நெய்வேலியில் இந்தப் பேச்சை எடுத்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்போ இது குமரிக்கண்டத்துக் காடுங்களா?"

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். காலுக்குக் கீழே நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு தொலைந்த உலகம் இருக்கிறது என்று தினமும் பார்க்கிறவர்களுக்கு, கடலுக்குக் கீழே இன்னொன்று இருக்கக்கூடும் என்று தோன்றாமல் போனால்தான் வியப்பு. ஆனால் பதில் சொல்லுமுன் ஒரு பயணியைச் சந்தித்தாக வேண்டும். அவர் நெய்வேலிக்கு வந்தவரல்லர். நெய்வேலிக்கு வடக்கே, இன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்கு வந்தவர்.

*

பியேர் சொன்னெரா என்பது அவர் பெயர். பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர். புதுச்சேரியைச் சுற்றித் திரிந்தவர். திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடப்பதை 1781-ல் அவர் குறித்து வைத்தார். இன்று அந்த இடம் தேசியக் கல்மரப் பூங்கா. சில அடிமரங்கள் முப்பது மீட்டர் நீளம்வரை கிடக்கின்றன. ஆண்டு வளையங்கள், கணுக்கள், பட்டையின் மேடு பள்ளம் எல்லாம் தெரியும். தட்டினால்தான் கல் என்று புரியும். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலும் அடுத்தும் கிடக்கும் கடலூர் மணற்பாறைத் தொகுதியின் ஒரு பகுதிதான் திருவக்கரைப் பாறையும். அங்கே மரம் கல்லானது, இங்கே கரியானது.

சொன்னெரா 1782-ல் தம் கீழ்த்திசைப் பயணங்களைப் பாரிஸில் நூலாக வெளியிட்டார். அதில் மடகாஸ்கர் தீவின் இரண்டு விசித்திர விலங்குகள் முதன்முதலாக அறிவியல் உலகுக்கு அறிமுகமாயின. ஒன்று இந்திரி, இன்னொன்று ஐ-ஐ. இரண்டும் லெமூர் இனம். தென்னார்க்காட்டின் கல்மரத்தையும் மடகாஸ்கரின் லெமூரையும் பார்த்த அந்தக் கண்களுக்கு, இந்த இரண்டு நிலங்களையும் சேர்த்துப் பின்னால் ஒரு கண்டம் எழப்போகிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை.

அதற்கு இன்னும் 82 ஆண்டுகள் இருந்தன.

*

லண்டன் விலங்கியல் கழகத்தின் செயலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், 1864-ல் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். லெமூர்கள் மடகாஸ்கரில் ஏராளம். அவற்றின் சொந்தக்காரர்கள் ஆப்பிரிக்காவில் கொஞ்சம், இந்தியாவில் கொஞ்சம். நம் தேவாங்கு அந்தச் சொந்தத்தில் ஒருவர். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் கடவூர்க் காட்டில் 2022-ல் தமிழக அரசு சரணாலயம் அறிவித்ததே, அதே தேவாங்குதான். இரவில் மட்டும் நடமாடி, கிளை விட்டுக் கிளை நிதானமாகக் கை மாற்றிப் போகும் இந்தச் சின்ன உடம்பு இந்தியப் பெருங்கடலை நீந்திக் கடந்திருக்க முடியுமா?

முடியாது என்றார் ஸ்கிளேட்டர். ஆகவே ஒரு காலத்தில் அங்கே தரை இருந்திருக்க வேண்டும் என்றார். அந்தத் தரைக்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்து அறிவியலுக்கு இது முறையான ஊகம். கண்டங்கள் நகரும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. கண்டம் அசையாது என்றால், விலங்கு கடந்திருக்க வேண்டும். விலங்கு கடக்க வேண்டுமானால் பாலம் வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த பிளான்ஃபோர்டு போன்றவர்களும் இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பொதுவான புதைபடிவங்களைக் கண்டு, இடையில் நிலத்தொடர்பு இருந்தது என்றே எண்ணினார்கள்.

இதுவரை இந்தக் கதையில் மனிதன் இல்லை. விலங்கும் பாறையும் மட்டுமே. மனிதனைக் கொண்டுவந்து அந்தக் கண்டத்தில் குடியேற்றியவர் ஒரு ஜெர்மானியர்.

எர்ன்ஸ்ட் ஹெக்கல், டார்வினின் கொள்கையை ஜெர்மனியில் பரப்பியவர். 1868-ல் வெளிவந்த அவருடைய படைப்பு வரலாற்று நூல் பல பதிப்புகள் கண்டது. மனித இனம் பிறந்த தொட்டில் லெமூரியாவாக இருக்கலாம் என்று அதில் எழுதினார். வரைபடம் போட்டார். அந்த இடத்தில் சொர்க்கம் என்றே குறித்தார். அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஒரு கோடு, ஆசியாவுக்கு ஒரு கோடு. மனிதக் குரங்கிலிருந்து மனிதன் ஆன கதையில் உழைப்பின் பங்கு பற்றி 1876-ல் எழுதிய எங்கெல்ஸ்கூட, நம் மூதாதையர் வாழ்ந்த இடம் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய ஒரு பெருங்கண்டமாக இருக்கலாம் என்று குறிப்பிட்டார். அன்றைய ஐரோப்பாவின் மிகக் கூர்மையான மூளைகள் நம்பிய செய்தி இது. பின்னால் நம்பிய தமிழறிஞர்களைக் குறை சொல்ல வருகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

வரைபடம் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. 1885-ல் மெக்லீன் தொகுத்த சென்னை மாகாண நிர்வாகக் கையேட்டில், திராவிடர்களின் ஆதி இருப்பிடம் என்ற பேச்சில் ஹெக்கலின் லெமூரியா இடம்பிடித்தது.

சரியாக அந்த ஆண்டுகளில், சென்னையிலும் கும்பகோணத்திலும் சிலர் ஓலைச்சுவடிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் வேறொரு கடல்கோள் இருந்தது.

*

இந்தத் தற்செயலை ஆண்டு போட்டுச் சொன்னால்தான் அதன் வேகம் புரியும். 1883-ல் சி.வை. தாமோதரம் பிள்ளை இறையனார் அகப்பொருள் உரையை அச்சேற்றினார். 1887-ல் கலித்தொகை வந்தது, அதுவும் அவர் கையால். 1892-ல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். 1894-ல் புறநானூறு. மெக்லீன் கையேடு 1885. ஒரு பக்கம் ஐரோப்பா மூழ்கிய கண்டத்தைப் பற்றிப் பேசுகிறது. மறுபக்கம் பல நூற்றாண்டுகள் கறையானுக்குத் தப்பிய ஓலைகள் கடல் கொண்ட நாட்டைப் பற்றிப் பேசுகின்றன. ஒன்றைப் பற்றி ஒன்று அறியாத இரண்டு பேச்சுகள், ஒரே தலைமுறையின் மேசைக்கு வந்து சேர்ந்தன. கேட்டவர்களுக்குச் சிலிர்க்காமல் என்ன செய்யும்?

அந்த நூல்கள் சொல்வது இதுதான். பஃறுளி என்ற ஆறு பாண்டியனுக்குரியதாக இருந்ததைப் புறநானூறு அறியும். அந்த ஆற்றையும் மலைத்தொடரையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் சொல்லும். கடலிடம் நிலம் இழந்த பாண்டியன் வேறு நிலம் வென்று ஈடுசெய்தான் என்பது கலித்தொகைச் செய்தி. நூல்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கின்றன.

விரிவு உரைகளில்தான் வருகிறது. இறையனார் அகப்பொருள் உரை மூன்று சங்கங்களுக்குக் கணக்குக் கொடுக்கிறது: தென்மதுரையில் 4,440 ஆண்டு, கபாடபுரத்தில் 3,700 ஆண்டு, இன்றைய மதுரையில் 1,850 ஆண்டு. முதல் இரண்டு ஊர்களையும் கடல் கொண்டது. அடியார்க்குநல்லார், பஃறுளிக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதம் இருந்தது என்கிறார். அதில் ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்பின்பாலை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குணகாரை நாடு, ஏழ்குறும்பனை நாடு என்று நாற்பத்தொன்பது நாடுகள்.

700 காவதத்தை அளந்து பார்க்கலாம். காவதம் பத்து மைல் என்று கணக்கிட்டவர்கள் உண்டு. அப்படியானால் 7,000 மைல். கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே கோடு இழுத்தால் தென்துருவம் சுமார் 6,770 மைலில் வந்துவிடும். அதாவது பாண்டிய நாடு துருவத்தையும் தாண்டி மறுபக்கம் ஏற வேண்டும். உரையாசிரியர் அதைச் சொல்லவில்லை என்பது என் உறுதியான எண்ணம். அவர் மனத்தில் இருந்தது தெங்கும் பனையும் குன்றும் கொண்ட ஒரு நீண்ட கடலோர நாடு. மூலத்தில் எங்கும் ஆப்பிரிக்கா இல்லை, ஆஸ்திரேலியா இல்லை. அவற்றைத் தொட்டு நிற்கும் கண்டத்தை வரைந்தது நம் பின்னோர் கை.

1903-ல் பரிதிமாற் கலைஞர் தமிழ்மொழியின் வரலாற்றை எழுதியபோது குமரிநாட்டைப் பற்றி எழுதினார். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் பாரதத்தின் ஒன்பது பகுதிகளுள் ஒன்றாகச் சொன்ன குமரிகண்டம், லெமூரியாவுக்குத் தமிழ்ப் பெயராக நிலைத்தது. இந்த நேரத்தில் அடையாற்றிலிருந்தும் ஒரு குரல் சேர்ந்துகொண்டது. 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையகம் அங்கே. அதன் நிறுவனர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-ல் வெளியிட்ட பெருநூலில் லெமூரியர்கள் மூன்றாவது மூல இனம் ஆனார்கள். 1904-ல் ஸ்காட் எலியட் அதற்கு வரைபடங்களோடு தனி நூலே எழுதினார். விலங்குக்குப் போட்ட பாலம் அறிவியலின் கையைவிட்டு நழுவி, மறைஞானத்தின் கைக்குப் போனது.

அதற்குப் பிறகு அது போய்ச் சேர்ந்த இடத்தைத் தமிழ் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

*

1943-ல் அமெரிக்காவின் அறிவியல் புனைகதை இதழான 'அமேசிங் ஸ்டோரிஸ்' அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரிச்சர்டு ஷேவர் என்ற வெல்டர். எல்லா மொழிகளுக்கும் மூலமான ஒரு தொல்மொழியின் எழுத்துகளைத் தாம் அறிந்திருப்பதாகச் சொன்னார். துணையாசிரியர் படித்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார். ஆசிரியர் ரே பால்மர் அதை வெளியே எடுத்தார்.

அந்தக் கடிதத்தொடர்பிலிருந்து பிறந்த நெடுங்கதை 1945 மார்ச் இதழில் வந்தது. தலைப்பு 'ஐ ரிமெம்பர் லெமூரியா'. விண்மீன்களுக்கிடையே பயணம் செய்த பேரினம் ஒன்று ஒரு காலத்தில் பூமியில் வாழ்ந்தது. சூரியனின் கதிரில் நஞ்சு கலந்தபோது அவர்கள் பூமியைக் கைவிட்டு வேறு விண்மீன்களைத் தேடிப் போய்விட்டார்கள். விட்டுப்போன சிலர் நிலத்துக்கடியில் குகைகளில் சீரழிந்து கிடக்கிறார்கள். கதை இவ்வளவுதான். ஆனால் பால்மர் இதைக் கதை என்று சொல்லவில்லை. இனத்தின் ஆழ்நினைவு என்றார். கடிதங்கள் குவிந்தன. தங்களுக்கும் குகைக் குரல் கேட்கிறது என்று எழுதியவர்கள் உண்டு. கதைக்குள் இருந்த ஓட்டைகளைத் தாங்களே ஊகித்து நிரப்பியவர்கள் உண்டு. இது அறிவியல் புனைகதைக்கே இழுக்கு என்று எதிர்ப்பு இயக்கம் நடத்திய ரசிகர்களும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அந்தத் தொடர் ஓடியது.

தொலைந்த தாயகம் என்ற எண்ணம் அதற்குப் பிறகு அறிவியல் புனைகதையை விட்டுப் போகவே இல்லை. 1978-ல் தொடங்கி 2000-களில் மறுபிறவி எடுத்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொலைக்காட்சித் தொடரில் மனிதர்கள் பிறந்த கோளின் பெயர் கோபோல். அங்கிருந்து பன்னிரண்டு குலங்கள் புறப்பட்டன, பதின்மூன்றாவது குலம் பூமியைத் தேடிப் போனது என்று அதில் ஒரு புராணம். அந்தப் பன்னிரண்டு எது, பதின்மூன்றாவது முதலில் போனதா கடைசியில் போனதா, கிரேக்கத் தெய்வங்களின் பெயர் அங்கே எப்படி வந்தது என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். அந்த வாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏழ்தெங்க நாடு நினைவுக்கு வரும். துண்டுத் துண்டாகக் கிடைத்த செய்தியை வைத்துக்கொண்டு முழு உலகத்தைக் கட்டி எழுப்பும் ஆசை மனிதருக்குப் பொது.

ஆனால் ஓர் இடத்தில் நம் கதை அவர்கள் கதையிலிருந்து அடியோடு வேறுபடுகிறது. அதைச் சொல்லாமல் போனால் நம் முன்னோருக்கு அநியாயம் செய்தவனாவேன்.

அமெரிக்க வாசகர்கள் இழக்காத ஒன்றை இழந்ததாகக் கற்பனை செய்தார்கள். தமிழர் உண்மையிலேயே இழந்திருந்தார்கள். அகத்தியம், முதுநாரை, முதுகுருகு என்று உரையாசிரியர்கள் பெயர் மட்டும் சொல்லும் நூல்கள் கைக்கு வரவில்லை. உ.வே.சா. ஊர் ஊராகப் போன காலத்தில் சுவடிகள் ஆற்றிலும் அடுப்பிலும் போய்க்கொண்டிருந்தன. இத்தனை நூலும் எங்கே போயின என்ற கேள்விக்குக் கடல் ஒரு கௌரவமான விடையாக இருந்தது. அலட்சியத்தால் தொலைத்தோம் என்பதைவிட, கடல் கொண்டது என்பது தாங்கக்கூடிய துயரம்.

1940-களில் கா. அப்பாதுரை கடல்கொண்ட தென்னாட்டைப் பற்றித் தனி நூல் எழுதினார். தேவநேயப் பாவாணர் 1966-ல் ஆங்கிலத்தில் எழுதிய உலக முதல் செம்மொழி பற்றிய நூலில், மனிதனும் தமிழும் பிறந்த இடமாகக் குமரி நிலத்தை வைத்தார். வறுமையிலும் வேர்ச்சொல் ஆய்வை விடாத உழைப்பாளி அவர். 1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. முதல்வர் எம்.ஜி.ஆரின் ஆதரவில் ப. நீலகண்டன் இயக்கிய குமரிக்கண்டம் ஆவணப்படம் அந்த மாநாட்டில் திரையிடப்பட்டது. அதே மாநாட்டில் மாந்தன் தோற்றத்தைப் பற்றிப் பேசிய பாவாணர், உடல்நலம் குன்றி அந்த மாதம் 16-ஆம் தேதி மதுரையிலேயே காலமானார்.

ஆனால் அதற்கு முன்பே கண்டத்தின் கதை கடலடியில் முடிந்துபோயிருந்தது. முடித்தவர்கள் யார்?

*

நெய்வேலி வளர்ந்த அதே ஆண்டுகளில் அது நடந்தது. 1956 நவம்பர் 14-ல் நெய்வேலி நிறுவனம் பதிவானது. 1957 மே 20-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் முதன்முதலாகக் கரிப்படிவம் வெளிச்சம் கண்டது. 1962-ல் சோவியத் உதவியோடு மின்சாரம் வந்தது. கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். இறைப்பதை நிறுத்தினால் நீர் மேலேறித் தரையைப் பிளக்கும்.

ஒரு பக்கம் இங்கே மண்ணை விலக்கி ஒரு காட்டைத் திறந்துகொண்டிருந்தபோது, மறுபக்கம் 1959 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலை அளந்தன. ஒலியை அனுப்பி ஆழம் அளந்தார்கள், அடித்தளப் பாறையை எடுத்தார்கள். 1967-ல் புரூஸ் ஹீசனும் மேரி தார்ப்பும் தந்த தரவில் இந்தியப் பெருங்கடலடியின் வரைபடம் வெளிவந்தது. அதில் மூழ்கிய பெருங்கண்டம் இல்லை. நடுக்கடலில் நீண்ட மலைத்தொடர் இருந்தது. அதன் பிளவிலிருந்து எரிமலைக்குழம்பு வந்து புதிய தரையாகி இருபுறமும் விலகிக்கொண்டிருந்தது. வெகெனர் 1912-ல் சொல்லி ஏளனம் வாங்கிய கண்ட நகர்வு மெய்யானது.

தேவாங்குக்குப் போட்ட பாலம் கடலடியில் இல்லை. நிலமே நகர்ந்திருந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தது உண்மை. பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் மனித இனத்தின் வயதோ சுமார் 3 லட்சம் ஆண்டு. அந்தப் பிரிவைப் பார்த்து நினைவில் வைத்துப் பாட்டாக்க ஒரு மனிதக் கண்ணும் இருந்திருக்க முடியாது. நெய்வேலிக் காடும் அப்படியே. அது 2 கோடியோ 5 கோடியோ, அதில் எந்தப் புலவரும் நடந்ததில்லை. இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் வந்த கேள்விக்கு என் பதில் இதுதான்: நெய்வேலிக் கரி குமரிக்கண்டத்துக் காடு அன்று.

அப்படியானால் கடல்கோள் பொய்யா? இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. அன்று தமிழகத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே இன்று மீனவர்கள் வலைவிரிக்கும் வாட்ஜ் பேங்க் என்ற ஆழம் குறைந்த கடற்பரப்பு பத்தாயிரம் சதுர கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அதன் பெரும்பகுதி அன்று தரையாக இருந்திருக்கும். பனி உருக உருக அந்த நிலத்தைக் கடல் விழுங்கியது. புவியியலாளர் சு.கி. ஜெயகரன் 2002-ல் வெளிவந்த 'குமரி நில நீட்சி' நூலில் இந்த நீட்சியைத்தான் பொறுமையாக எடுத்து வைத்தார். குமரியை நேசிக்கிறவர்கள் அதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். கண்டம் போய்விடுகிறதே என்று வருந்துகிறவர்களுக்கு ஆறும் கரையும் கிராமமும் உள்ள ஓர் உண்மை நிலம் அதில் கிடைக்கிறது.

நெய்வேலிக்காரர்களுக்கு இன்னொரு விண்ணப்பமும் உண்டு. ஆர்ச் கேட் வழியாக நுழைந்தால் அகலமான சாலைகள், மர நிழல், எண்ணிட்ட வட்டங்கள். அதைத் தாண்டினால் தட்டையான அந்தப் பூமியில் மலைகள். சுரங்கத்து மேல்மண்ணைக் கொட்டி மனிதர் எழுப்பிய மலைகள் அவை. அந்தக் குழிக்கும் மலைக்கும் வட்டங்களுக்கும் முன் இங்கே ஊர்கள் இருந்தன. நகரியத்துக்குள் இருக்கும் வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தில் கூட்டம் நெருக்குகிறது. பால்குடமும் காவடியுமாக வருகிறவர்களில் வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் எந்த மரத்தடியில் களம் இருந்தது, எந்த ஏரியில் மாடு தண்ணீர் குடித்தது என்று சொல்வார்கள். இது 1950-களோடு முடிந்த கதையும் இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடித்த வயலில் சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது.

பஃறுளி ஆறு ஓடிய இடம் தெரியவில்லை என்று நூறு ஆண்டாக அழுகிறோம். நம் கண்முன் மறைந்த ஏரியின் பெயரை எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். ஊர்ப் பெயர், தெருப் பெயர், குலசாமி, கிணறு, வரப்பு என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். நாற்பத்தொன்பது நாட்டின் பெயரை ஓர் உரையாசிரியர் எழுதி வைத்ததால்தான் இன்று அதைப் பற்றி வாதாடவாவது முடிகிறது.

லெமூரியாவின் கதை இங்கே முடிந்தது என்றுதான் 1967-க்குப் பிறகு புவியியலாளர்கள் நினைத்தார்கள். பிறகு மொரிஷியஸ் வந்தது. அது எரிமலை கக்கி எழுந்த தீவு. அங்குள்ள பாறைகளுக்கு வயது 90 லட்சம் ஆண்டுக்கு மேல் இல்லை. 2013-ல் டிரான்ட் டோர்ஸ்விக் தலைமையிலான குழுவினர் அந்தத் தீவின் கடற்கரை மணலில் சிர்க்கான் என்ற சிறு படிகங்களைக் கண்டார்கள். அவற்றில் சிலவற்றின் வயது 190 கோடி ஆண்டைத் தாண்டியது. 2017-ல் அதே தீவின் பாறைக்குள்ளேயே கிடைத்த படிகங்கள் 300 கோடி ஆண்டைத் தொட்டன.

90 லட்சம் ஆண்டுத் தீவுக்குள் 300 கோடி ஆண்டுப் படிகம் எந்த நிலத்திலிருந்து வந்தது? அடுத்த வாரம் மொரிஷியஸ் கடற்கரையில் சந்திப்போம்.

(தொடரும்)